எருக்கம் நாரும் பருத்தி நூலும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். ஊருக்கு அண்மையில் கோமுகி அணை. அணைக்கு அப்பால் மலை. பங்குனி மாதத்தில் அந்தப் பக்கம் நடந்து செல்பவர் ஓர் அழகிய காட்சியைக் காணலாம். வேலியோரத்து எருக்கஞ்செடியின் காய்கள் வெடித்து, பட்டுப் போன்ற வெண்பஞ்சு காற்றில் மிதந்து செல்லும். இலவமரத்தின் நெற்றுகளும் ஏறக்குறைய அதே பருவத்தில் வெடிக்கும். பருத்தி விளைவித்த வீடுகளில் பஞ்சுப் பொதி காத்திருக்கும். மூன்றும் வெண்மை, மூன்றும் மென்மை, மூன்றையும் பஞ்சு என்றே அழைக்கிறோம். ஆயினும் நம் முன்னோர் இம்மூன்றில் பருத்தி ஒன்றைத்தான் நூற்று உடுத்தினர். ஏன்?

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் நால்வர், இவ்வினாவுக்கு விடையைப் புத்தகத்தில் தேடுவதற்கு முன் கையால் தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். பொருளைத் தொட்ட பின்னரே சொல்லைக் கற்பிக்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் பெற்ற பாடம். கச்சிராயபாளையத்தில் நண்பர் ஒருவருடைய வீட்டுத் திண்ணை எங்கள் ஆய்வுக்கூடமாயிற்று. சிறுவயதில் கைத்தொழில் வகுப்பில் சுழற்றிய தக்ளியைப் போலவே, பித்தளை வில்லையும் இரும்புக் கம்பியும் கொண்ட தக்ளிகள் நான்கினைத் தேடிப் பிடித்தோம். பருத்தி, இலவம் பஞ்சு, எருக்கம் பஞ்சு, எருக்கம் பட்டை நார், சணப்பு நார், மருள் நார், செம்மறியாட்டு மயிர் ஆகிய ஏழும் திண்ணையில் வரிசையாக வைக்கப்பட்டன.

பருத்தியில் தொடங்கினோம். கொட்டை நீக்கி, பஞ்சை விரலால் பிரித்து நிரவி, மெல்லிய குச்சியில் சுற்றிப் பட்டையாக உருட்டினோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் விரல்கள் மறக்கவில்லை. வலக்கை தக்ளியைச் சுழற்ற, இடக்கை பட்டையை மேலே இழுக்க, இழை நீண்டது. ஓரிடம் தடிப்பும் ஓரிடம் மெலிவுமாக இருந்தாலும் அது நூல்தான். அடுத்து இலவம் பஞ்சு. பளபளப்பில் பருத்தியை வெல்லும். ஆனால் தக்ளி இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் இழை நழுவ, தக்ளி திண்ணையில் விழுந்து உருண்டது. ஒரு முறையன்று, பத்து முறை. இலவு காத்த கிளியின் கதையை நினைவூட்டி ஒருவர் சிரித்தார். எருக்கம் பஞ்சோ அதனினும் வழுக்கல். மூச்சு விட்டால் பறந்தது. ஒரு பங்கு எருக்கம் பஞ்சை மூன்று பங்கு பருத்தியோடு கலந்தபோது மட்டும் இழை ஒருவாறு நின்றது. ஆட்டு மயிர் எங்களுக்கு வியப்பளித்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தாலும், பருத்தியைவிட எளிதாக முறுக்கேறியது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது. பருத்தி இழை என்பது விதையின் தோலில் முளைக்கும் ஒரே ஓர் உயிரணு. காய் முதிரும் ஏறத்தாழ 50 நாட்களில் அது முதலில் நீளும். பின்னர் அதன் சுவர் தடிக்கும். காய் வெடித்து வெயில் பட்டதும் உள்ளிருக்கும் ஈரம் வற்றி, குழாய் போன்றிருந்த இழை தட்டையாகி, நாடாவை முறுக்கியது போல் ஆங்காங்கே திருகிக்கொள்ளும். பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியிலேயே இத்திருகலைக் காணலாம். நூற்கும்போது ஓர் இழையின் திருகல் மற்றோர் இழையின் திருகலைப் பற்றிக்கொள்கிறது. இலவம் பஞ்சு விதையில் முளைப்பதன்று. நெற்றின் உட்சுவரில் முளைப்பது. அது உருண்டையானது, உள்ளே காற்று நிறைந்தது, மேலே மெழுகு பூசியது போன்றது. திருகல் இல்லாமையால் பிடிப்பும் இல்லை. தண்ணீரை ஏற்காமல் மிதக்கும் தன்மை அதற்கு உண்டு. ஆகவேதான் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை கப்பலோட்டிகளின் மிதவைச் சட்டைகளில் இலவம் பஞ்சை அடைத்தார்கள். ஆட்டு மயிரின் மேற்புறத்தில் மீன் செதில் போன்ற நுண்செதில்களும், இழையில் இயற்கையான நெளிவும் உண்டு. அதனால் அது நூற்பவர் கைக்கு அடங்குகிறது.

பட்டை நார்களின் கதை வேறு. சணப்பை நம் உழவர் பசுந்தாள் உரமாக அறிவர். அதன் தண்டை நீரில் ஊறப்போட்டு அடித்தால் முழ நீளத்துக்கு மேற்பட்ட நார் உரிந்து வரும். மருளின் இலையைப் பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டினால் வெள்ளிக் கம்பி போன்ற நார் கிடைக்கும். வில்லுக்கு நாண் கட்டிய நார் அது. இவற்றைத் தக்ளியில் நூற்க முயன்று தோற்றோம். நார் விறைப்பாக நின்றதேயன்றி வளைந்து கொடுக்கவில்லை. பிறகு கையை நனைத்துக்கொண்டு தொடையில் வைத்துத் திரித்தபோது அழகான கயிறாயிற்று. எருக்கம் பட்டை நாருக்குத்தான் பெரும்பாடு. தண்டை வெட்டி, ஒரு நாள் வாடவிட்டு, பட்டையை உரித்து, நாரை விரலால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். இருவர் அரைநாள் உழைத்து ஒரு கைப்பிடிகூட நிறையவில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருங்கேடு. மாணவர்கள் இதைத் தாமே செய்து பார்க்க வேண்டா. ஆனால் அந்தச் சிறு நாரைத் திரித்த கயிற்றை இருபுறமும் பற்றி எங்கள் வலிமை கொண்ட மட்டும் இழுத்தோம். கைதான் சிவந்தது, கயிறு அறவில்லை.

நாங்கள் விளையாட்டாகச் செய்த இந்தச் சோதனையைச் சற்றேறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்னர் அரசாங்கக் காரியமாகவே செய்து பார்த்த ஒருவர் உண்டு. அவர் இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சென்னை மாகாணத்துக்கு வந்து, மருத்துவத்தினும் தாவரவியலிலேயே புகழ் பெற்றவர். தென்னாட்டுச் செடிகொடிகளைப் பற்றி அவர் வெளியிட்ட படநூல்களின் ஓவியங்கள் பலவற்றை வரைந்தவர்கள் ருங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். அவர்கள் பெயரையும் மாணவர்கள் நினைவில் வைத்தல் நன்று. இந்த வைட், நம் நாட்டு நார்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளந்து பார்த்தார். எருக்கம் நார் 552 ராத்தல் தாங்கிற்று. சணப்பு 407, கற்றாழை 362, பருத்தி 346, மருள் 316, புளிச்சை வகை நார் 290. கடைசியில் நின்றது தேங்காய் நார், 224 ராத்தல். வேலியோரத்தில் ஆடும் தொடாத எருக்கு, பருத்தியை 200 ராத்தலுக்கு மேல் விஞ்சிவிட்டது!

இந்தக் கணக்கு யாருக்காக எடுக்கப்பட்டது? அன்றைய இங்கிலாந்தின் கப்பற்படை பாய்மரக் கயிற்றை நம்பியிருந்தது. கயிற்றுக்கு வேண்டிய சணலின் பெரும்பகுதி ருஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1854ஆம் ஆண்டில் இங்கிலாந்து ருஷ்யாவோடு கிரிமியப் போரில் இறங்கியதும் அந்த வரவு ஆபத்துக்குள்ளாயிற்று. மறு ஆண்டே, 1855இல், ஜான் ஃபார்ப்ஸ் ராயில் என்பவர் இந்தியாவின் நார்ச்செடிகளைப் பற்றி ஒரு பெருநூலை இலண்டனில் வெளியிட்டார். வைட் கண்ட அளவுகள் அந்நூலில் இடம் பெற்றன. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியை 1850இல் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர், நாரைப் பிரித்தெடுத்துப் பதப்படுத்தும் முறைகளை ஆராய்ந்து எழுதியவையும் இடம் பெற்றன. சென்னையில் அதே 1855இல் நடந்த பொருட்காட்சியிலும் நார்களுக்கு இடமிருந்தது. ஆக, கப்பல் கேட்ட கேள்வி ஒன்றே: எந்த நார் அதிகப் பாரம் தாங்கும்?

கேள்வி அதுவானால் எருக்கே முதல்வன். ஆனால் எருக்கங்கயிறு கட்டிய கப்பல் எதுவும் கடலில் உலவவில்லை. நாங்கள் திண்ணையில் கண்டதுதான் காரணம்: பிரித்தெடுக்கும் கூலி நாரின் விலையை விழுங்கிவிடும். மறுபுறம், சோதனையில் கடைசியாக நின்ற தேங்காய் நாரை மாலுமிகள் நெடுங்காலமாக விரும்பி வாங்கினர். அது உப்புநீரில் எளிதில் அழுகாது, நீரில் மிதக்கும், அலையின் இழுப்புக்கு நெகிழ்ந்து கொடுக்கும். தராசு அளந்த குணம் ஒன்று. கடல் கேட்ட குணம் வேறு. நாரின் தரத்தைச் சொல்லும் எந்தப் பட்டியலைக் கண்டாலும், அதைக் கேட்டவர் யார் என்று விசாரிப்பது வரலாற்று மாணவனுக்கு நல்ல பழக்கம்.

பருத்தியின் வரலாற்றிலும் இதே நிகழ்ந்தது. அங்கே விளைவு கடுமையாயிற்று. இங்கிலாந்தில் 1769இல் ஆர்க்ரைட் தம் நூற்பு இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 1779இல் கிராம்ப்டன் வேறோர் இயந்திரத்தை அமைத்தார். இவ்வியந்திரங்களில் சுழலும் உருளைகள் பஞ்சை இழுத்து மெலியச் செய்யும். உருளைகளுக்கு இடையிலுள்ள தூரம் நிலையானது. இழை நீளமாக இருந்தால் அடுத்த உருளை பற்றிக்கொள்ளும். குட்டையாக இருந்தால் இடையில் தொங்கி, நூல் கோணும், அறும். நம் நாட்டுப் பருத்திகளில் பெரும்பாலானவை குட்டை இழையின. ஆகவே லங்காஷயர் ஆலைக்காரர்கள் இந்தியப் பருத்தியை மட்டம் என்றனர். அமெரிக்கப் பருத்தியை இந்தியாவில் பயிராக்க வேண்டும் என்றனர். 1840ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பயிரிடுவோர் சிலரையே கம்பெனி இங்கு வரவழைத்தது. கோயமுத்தூரில் அந்தச் சோதனைப் பண்ணைகளை 1842 முதல் பல்லாண்டு மேற்பார்த்தவர், முன்னர் சொன்ன அதே வைட்தான். எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. ஆனால் குட்டை இழை மட்டமான இழை என்ற தீர்ப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பு இயந்திரத்துக்குப் பொருந்தும், கைக்குப் பொருந்தாது. சான்று வேண்டுமா? டாக்கா மஸ்லினை எண்ணிப் பாருங்கள். உலகம் கண்ட மிக மெல்லிய பருத்தித் துணி அது. அதற்குப் பயன்பட்ட பூட்டி கார்பாஸ் என்னும் பருத்தி குட்டை இழையுடையது. லங்காஷயர் இயந்திரத்துக்கு ஒவ்வாதது. ஆற்றோரக் கிராமங்களில் பெண்கள் அதிகாலையிலும் மாலையிலும், காற்றில் ஈரம் இருக்கும் வேளை பார்த்து அதை நூற்றனர். உலர்ந்த காற்றில் இழை அறுந்துவிடும். நூற்பதற்கு முன், ஒருவகை மீனின் தாடை எலும்பைச் சீப்பாகக் கொண்டு பஞ்சைச் சீவினர். இது பழங்கதை என்று எண்ண வேண்டா. ஆந்திரத்தில் சிகாகுளம் மாவட்டத்துப் பொந்தூரு என்னும் ஊரில் மலைப்பருத்தியை வாளைமீனின் தாடை எலும்பால் சீவி நூற்கும் வழக்கம் நம் காலத்திலும் இருந்துவருகிறது. அங்கு நூறாம் எண் நூல்வரை கையால் நூற்பார்கள். நூலின் எண் என்றால் என்ன? 840 கெசம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே எண். எனவே நூறாம் எண் நூல் ஒரு ராத்தல் என்றால் 84,000 கெசம். ஏறத்தாழ 48 மைல் நீளம்! இரும்பு உருளை அறியாத ஒன்றை விரல் அறியும். இழை மெலியும் இடத்தில் இழுப்பைத் தளர்த்தி, தடிக்கும் இடத்தில் சற்றே நீட்டி, கணந்தோறும் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

அந்த விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. நூற்புத் தக்களியின் வில்லைகள் கொடுமணலிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சங்கப் புலவர்கள் நூற்கும் பெண்ணைப் பருத்திப் பெண்டு என்றே சுட்டினர். ஆண் துணையற்ற மகளிர் நூற்றுப் பிழைத்தனர் என்ற செய்தி நற்றிணையிலேயே உண்டு. தறியில் ஒருவன் நெய்ய வேண்டுமானால் பல வீடுகளில் நூற்க வேண்டும். கடலூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் கப்பலேறிய துணிகளைப் பற்றிக் கம்பெனிக் கணக்குகள் விரிவாகப் பேசுகின்றன. நெசவாளரைப் பற்றியும் பேசுகின்றன. நூற்றவளைப் பற்றி அவை பேசுவது மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் ஆலைநூல் வந்திறங்கியபோது, தறிக்காரர் பலர் அந்நூலை வாங்கி நெய்தாவது பிழைத்தனர். நூற்றுக்கொண்டிருந்த விதவைக்கு மாற்று எதுவும் இல்லை. அவள் இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இதனை நம் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம் என்பது என் கருத்து.

அழிவு எவ்வளவு முழுமையானது என்பதற்குக் காந்தியடிகளின் அனுபவமே போதும். 1909இல் தம் நூலொன்றில் கைத்தறியைப் போற்றி எழுதியபோது, இராட்டையைக் கண்ணால் கண்டதாகவே அவருக்கு நினைவில்லை. 1915இல் தாயகம் திரும்பி ஆசிரமம் அமைத்த பின்னும் இராட்டை அகப்படவில்லை. கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையார் குஜராத்தில் ஊர் ஊராக அலைந்து, பரோடா சமஸ்தானத்து வீஜாப்பூரில், வீடுகளின் பரண்மேல் போட்டுவைத்த இராட்டைகளைக் கண்டுபிடித்தார். பட்டை கிடைத்தால் நூற்கத் தயார் என்றனர் அவ்வூர்ப் பெண்கள். அங்கிருந்துதான் கதர் இயக்கம் தொடங்குகிறது. 1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெசம் நூல் தர வேண்டும் என்று விதித்தது. கட்டாயத்தின் பேரில் நூற்பவர் எத்தனை பேர்? மறு ஆண்டே விதி தளர்ந்தது. 1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்தியச் சர்க்கா சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நம் கல்வராயன் மலைக்கு மறுபுறமான அன்றைய சேலம் மாவட்டத்தில், வறண்ட நிலத்துப் பெண்களுக்கு மழையில்லாத மாதங்களில் கையில் சிறிது காசு சேர இராட்டை வழி செய்தது.

சிறிது காசு என்றேன், அதுதான் உண்மையும். சர்க்கா சங்கம் எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் தரக்கூடிய, 150 ரூபாய்க்கு மேற்படாத ஓர் இராட்டைக்கு 1929இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. எவரும் பரிசை வெல்லவில்லை. நூற்பவர் கூலி வாழ்வுக்குப் போதாது என்று உணர்ந்த காந்தியடிகள், 1935இல் குறைந்தபட்சக் கூலியை வற்புறுத்தி ஏற்கச் செய்தார். கதர் விலை ஏறும், விற்பனை குறையும் என்று உடனிருந்தவர்களே அஞ்சினர். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டுக்குப் பின் தக்ளி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. விடுதலைக்குப் பிறகு, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய பல கதிர் இராட்டை, அவர் பெயராலேயே அம்பர் சர்க்கா என 1950களில் நாடெங்கும் பரவியது. இதில் ஒரு முரண் உண்டு. அம்பர் சர்க்காவிலும் உருளைகளே பஞ்சை இழுக்கின்றன. ஆகவே அதுவும் ஆலையைப் போலவே நீண்ட, சீரான இழையைக் கேட்டது.

இதற்கிடையே வயலும் மாறிவிட்டது. கோயமுத்தூர், சேலம் பகுதிகளில் நாடம், திருச்சிப் பக்கம் உப்பம், திருநெல்வேலிக் கரிசலில் கருங்கண்ணி என்று ஊருக்கொரு பருத்தி விளைந்தது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பருத்தி நிலத்தில் மிகப் பெரும்பகுதி இத்தகைய நாட்டு இனங்களே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தியும், பின்னர் கோயமுத்தூரில் உருவான எம்.சி.யூ.5, சுவின் போன்ற நீள இழை இனங்களும், 2002இல் அனுமதி பெற்ற மரபணு மாற்றப் பருத்தியும் வரிசையாக வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தன. சுவின் இழை உலகத்தின் மிகச் சிறந்த இழைகளுள் ஒன்று. அதைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆயினும் வறட்சியைத் தாங்கி, பூச்சியைத் தாங்கி, கிணறற்ற மேட்டு நிலத்தில் விளைந்த நாட்டுப் பருத்தி, கேட்பார் இல்லாமையால்தான் ஒதுங்கியது.

கச்சிராயபாளையத்துத் திண்ணைக்குத் திரும்புகிறேன். நான்காம் நாள் மாலையில் நாங்கள் நூற்ற பருத்தி நூலையெல்லாம் சேர்த்து அளந்தோம். நால்வர் உழைப்பும் சேர்ந்து ஒரு சிட்டம் நிறையவில்லை. ஒரு வேட்டிக்குப் பத்துச் சிட்டத்துக்கு மேல் வேண்டும். வீட்டுக்கார அம்மையார் நூலை விரலால் தடவிப் பார்த்து, “இதற்கு என்ன கூலி கிடைக்கும், ஐயா?” என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லாமல் நூலைத் திருப்பித் தந்தார். எருக்கம் நாரில் திரித்த கயிற்றை நண்பர் தம் கிணற்றடியில் சொம்பு கட்டிவைத்திருக்கிறார். எங்கள் ஏழு நார்களில் கருங்கண்ணி இல்லாமற் போனது ஒரு குறை. கோவில்பட்டிப் பக்கத்து உழவர் ஒருவரிடம் விதைக்குச் சொல்லியிருக்கிறோம். வந்தால் புரட்டாசியில் மலையடிவாரத்து மேட்டு நிலத்தில் அரைக்காணி விதைப்பதாக ஏற்பாடு.